அடுத்த ஆட்டத்திற்கு முன்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் சதுரங்கப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கைத்தொலைபேசியில் சதுரங்கம் ஆடும் பிள்ளைகளைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு பெற்றோர் என்னைப் பிடித்துக் கொண்டார்கள். ஒருவர், "அதை நிறுத்தச் சொல்லுங்க சார், பையன் கண்ணு கெட்டுப் போகுது" என்றார். இன்னொருவர், "என் மகன் பாயிண்டு ஆயிரத்து ஐந்நூறு வந்துடுச்சு சார், எப்ப சேம்பியன் ஆவான்?" என்று கேட்டார். இருவருக்கும் சேர்த்து ஒரு ரயில் பயணத்தைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் பிள்ளைகளுக்கு வகுப்பு முடித்துவிட்டுக் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினேன். சுபாங் ஜெயாவில் ஒரு தாயும் பத்து வயது மதிக்கத்தக்க மகனும் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தார்கள். பையன் உட்கார்ந்ததும் தொலைபேசியை எடுத்தான். 3 நிமிடச் சதுரங்கம். பத்து தீகா, ஷா ஆலம், பாடாங் ஜாவா என்று நிலையங்கள் போகப்போக அவன் விரல் ஓயவில்லை. கிள்ளான் வருவதற்குள் ஐந்து ஆட்டம் ஆடி முடித்துவிட்டான். ஒன்றில் வெற்றி, நான்கில் தோல்வி.

தோற்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் அந்த நான்கில் மூன்று ஒரே மாதிரித் தோல்வி! நாலே நகர்த்தலில் எதிரியைச் சாய்த்துவிடலாம் என்று ராணியை முதலிலேயே வெளியே அனுப்புகிறான். ராணி வீட்டை விட்டுப் போனதும் அவள் காவல் காத்த சிப்பாய் அநாதையாகி விடுகிறது. எதிரியின் குதிரை நடுப்பலகைக்குத் தாவி முதலில் ராணியை மிரட்டுகிறது. அடுத்த தாவலில் அந்தச் சிப்பாயை வெட்டி, ராஜாவுக்குச் 'செக்' வைத்து, மூலையில் இருக்கும் யானையையும் பிடித்துக் கொள்கிறது. ஷா ஆலத்துக்கு முன்னால் ஒரு யானை போயிற்று. ஷா ஆலம் தாண்டி இன்னொன்று. கிள்ளான் ஆற்றைப் பார்க்கும் நேரத்தில் மூன்றாவது யானையும் போயிற்று.

பொறுக்க முடியாமல் கேட்டேன். "தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டம் ஆடுவீங்க?"

"முப்பது நாப்பது இருக்கும் அங்கிள்."

"நேத்து தோத்ததுல ஒண்ணாவது ஞாபகம் இருக்கா?"

பையன் என்னை வேடிக்கையாகப் பார்த்தான். "தோத்தா அடுத்ததைத் தட்டிடுவேன் அங்கிள்."

"வீட்டுலயும் இதே கதைதான் ஐயா, சோறு ஆறிப் போயிரும்" என்று அவன் தாய் சொல்லிக் கொண்டே எழுந்தார்கள். அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். "அடுத்ததைத் தட்டிடுவேன்" என்ற சொல் மட்டும் என்னோடு வீடு வரைக்கும் வந்தது.

இந்தப் பையனை நான் குறை சொல்ல வரவில்லை. அவனிடம் இருக்கும் பலத்தை முதலில் சொல்ல வேண்டும். என் சிறுவயதில் எங்கள் தோட்டத்து மன்றத்தில் ஒரே ஒரு சதுரங்கப் பலகை. அதிலும் ஒரு குதிரை காணாமல் போய், சோடாப் புட்டி மூடியை வைத்து ஆடினோம். எனக்குக் கிடைத்த எதிரிகள் இரண்டே பேர்: கிராணி ஐயாவின் மகனும், ஆஸ்பத்திரி டிரஸரும். அவர்கள் எப்படி ஆடுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம், நான் எப்படி ஆடுவேன் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இன்று ஒரு தோட்டத்துப் பிள்ளை இராத்திரி எட்டு மணிக்கு லயத்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு நார்வேக்காரனோடும் பிரேசில்காரனோடும் ஆடுகிறது. பிரான்சு நாட்டுக்காரர் ஒருவர் 2010-இல் தொடங்கிய 'லிச்செஸ்' என்ற தளத்தில் கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. இது எங்களுக்குக் கனவிலும் கிடைக்காத செல்வம். தினமும் ஆடும் பிள்ளைக்குக் கண் பழகி விடுகிறது. குதிரை எங்கே தாவும் என்று எண்ணிப் பார்க்காமலே தெரிகிறது. கடிகாரத்தைக் கண்டு பயப்படுவதில்லை. எதிரே இருப்பவன் பெரியவனா, வெள்ளைக்காரனா என்ற கூச்சமும் இல்லை.

அந்தக் கூச்சமின்மை எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்குச் சென்னைப் பையன் பிரக்ஞானந்தாவே சாட்சி. 2022 பிப்ரவரியில், 16 வயதில், 'ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ்' என்ற இணையப் போட்டியில் வீட்டிலிருந்தபடியே ஆடி, அன்றைய உலகச் சேம்பியன் மாக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்களோடு 39 நகர்த்தலில் வென்றார். இது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அந்த ஆட்டத்திற்கு முன் அதே போட்டியில் அவர் 7 ஆட்டம் ஆடியிருந்தார். அதில் வெற்றி 1, சமன் 2, தோல்வி 4. நான்கு தோல்வியைச் சுமந்துகொண்டுதான் எட்டாவதாகக் கார்ல்சனுக்கு எதிரே உட்கார்ந்தார். இன்னொன்று, அது 3 நிமிட ஆட்டம் அல்ல. ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல். உலகப் பெரிய ஆட்டக்காரர்களே "வேக ஆட்டம்" என்று சொல்லும்போது அவ்வளவு நேரம் வைத்துக் கொள்கிறார்கள். நம் பிள்ளைகள் 3 நிமிடத்தில் என்னத்தைச் சாதிக்கப் போகிறார்கள்?

"அப்படியானால் வேகமாக ஆடுவதே தப்பா?" என்று கேட்பீர்கள். நானும் பல வருடம் தப்பு என்றுதான் சொல்லிக் கொண்டிருந்தேன். விசுவநாதன் ஆனந்த் வளர்ந்த கதையைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். 1972-இல் மானுவேல் ஆரோன் சென்னையில் ரஷ்யப் பண்பாட்டு நிலையத்தில் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். இந்த ஆரோன், பர்மாவில் பிறந்த தமிழர். 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். கடல் கடந்து போன நம் சனங்களின் பிள்ளை என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். அந்தக் கழகத்தில்தான் சிறுவன் ஆனந்த் மின்னல் வேக ஆட்டம் ஆடிப் பழகினார். அதே ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், பிறகு உலகச் சேம்பியனும் ஆனார். ஆக, வேகம் அவரைக் கெடுக்கவில்லை.

ஆனால் தால் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருப்பார். தோற்றவர் எழுந்து போய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவர்கள் எல்லாரும் ஆடி முடித்த பிறகுதான் மறுபடி வாய்ப்பு.

இந்த வரிசையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு சிறுவன் தோற்றுவிட்டு நிற்கிறான். கை சும்மா இருக்கிறது, மனம் சும்மா இருக்குமா? "அந்த யானையை நகர்த்தாமல் இருந்திருந்தால்..." என்று அரித்துக்கொண்டே இருக்கும். தன்னைத் தோற்கடித்தவன் அடுத்தவனோடு எப்படி ஆடுகிறான் என்று எட்டிப் பார்ப்பான். அவன் முறை வரும்போது பழைய தப்போடு போய் உட்காரமாட்டான். உட்கார்ந்தால் மறுபடி கடைசிக்குப் போக வேண்டுமே! அந்த வரிசைதான் பாதி வாத்தியார். தொலைபேசி நமக்கு எல்லாவற்றையும் கொடுத்தது, அந்த வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டது. தோற்றால் ஒரு விநாடியில் புதுப் பலகை, புதுக் காய்கள். கொமுட்டரில் பார்த்த பையனுக்கு மூன்று யானை போனதற்குக் காரணம் மந்தபுத்தி அல்ல, அவனுக்கு நிற்க வரிசை இல்லை.

மற்ற பலவீனங்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. என் மாணவன் ஒருவனைப் பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு அழைத்துப் போயிருந்தேன். தொலைபேசியில் நல்ல புள்ளி உள்ளவன். அங்கே ஒவ்வொருவருக்கும் 25 நிமிடம். இவன் முதல் ஆட்டத்தில் தோற்று எழுந்தபோது அவன் கடிகாரத்தில் 19 நிமிடம் மீதி இருந்தது! வாங்கிய சம்பளத்தைச் செலவழிக்காமலே பட்டினி கிடந்த மாதிரி. இரண்டாவது ஆட்டத்தில் மந்திரியைத் தொட்டுவிட்டான். தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும், அது உலக விதி. தொலைபேசியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக் கொள்ளலாம், பலகையில் நடக்காது. மந்திரி போயிற்று, ஆட்டமும் போயிற்று. மூன்றாவதில் எதிரியிடம் தனி ராஜா, இவனிடம் ராஜாவும் யானையும். ஜெயிக்க வேண்டிய ஆட்டம். இவனுக்கு முடிக்கத் தெரியவில்லை. தொலைபேசியில் எதிரியின் நேரம் தீர்ந்து ஜெயித்தே பழகியவன். ராஜாவை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும் வித்தையைக் கற்றதே இல்லை. சமனில் முடிந்தது. மண்டபத்துக்கு வெளியே தூணோடு ஒட்டி நின்று அழுதான். நான் அவனுக்கு ஒரு மைலோ வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.

வாசலில் புள்ளியைப் பற்றிக் கேட்டாரே, அந்த ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. இந்தத் தரப்புள்ளிக் கணக்கை வகுத்தவர் ஹங்கேரியில் பிறந்த அமெரிக்கப் பேராசிரியர் அர்பாத் எலோ. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை 1970-இல் ஏற்றுக் கொண்டது. இணையத் தளங்கள் தங்களுக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. லிச்செஸில் புதிதாகச் சேரும் எவரும் 1500-இலிருந்துதான் தொடங்குவார். ஆகவே அந்த எண்ணை அடுத்த வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். போன மாதத்தைவிட இந்த மாதம் கூடியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும்.

இனிச் சொல்லப் போவது கொஞ்சம் கசப்பு. என் வகுப்பில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தான். புள்ளி இறங்குவதைத் தாங்க முடியாமல், ஒரு பக்கம் ஆட்டம், இன்னொரு பக்கம் கணினியைத் திறந்து வைத்து, அது சொல்லும் காயை நகர்த்தினான். பத்து நாள் ஜெயித்தான். பதினோராம் நாள் தளத்தார் கண்டுபிடித்துக் கணக்கை மூடிவிட்டார்கள். அவன் தாய், பால்வெட்டுக்குப் போகிற அம்மா, அரைநாள் வேலையை விட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "திருடினானா சார்? காசு ஏதும் எடுத்தானா?" என்று கேட்டார்கள். காசு எடுக்கவில்லை அம்மா என்றேன். பிறகு பையனிடம் தனியாகக் கேட்டேன்: "அந்தப் பத்து நாள்ல ஜெயிச்ச ஆட்டத்துல ஒண்ணை எனக்குப் பலகையில காட்டு." அவனால் காட்ட முடியவில்லை. அவன் ஆடியிருந்தால் அல்லவா காட்டுவதற்கு! நான் அவனைத் திட்டவில்லை. மூன்று மாதம் தொலைபேசி இல்லாமல் பலகையில் மட்டும் ஆட வைத்தேன். இப்போதும் வருகிறான்.

கணினி கெட்டதா? இல்லை. எப்போது அதைக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது. சென்னைக் குகேஷின் பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, அந்தப் பிள்ளை கிராண்ட்மாஸ்டர் தரத்தை நெருங்கும் வரை கணினியின் பக்கமே போகவிடவில்லை. உலகமே கணினியை வைத்துப் பழகும்போது இவர் மட்டும் பிள்ளையைத் தன் மூளையைக் கொண்டே கணக்குப் போட வைத்தார். அந்தக் குகேஷ் 2024 டிசம்பர் 12-இல், நமக்கு ஓர் இராப்பயண தூரத்தில் இருக்கும் சிங்கப்பூரில், 18 வயதில் உலகச் சேம்பியன் ஆனார். பதினான்காவது ஆட்டம், கடைசி ஆட்டம். சீனாவின் டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான இடத்தில் வைத்தார். அவ்வளவு நேரம் விடாமல் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் அந்தத் தவறு கிடைத்தது. ஜெயித்த பிறகு குகேஷ் அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் திரும்ப அடுக்கி வைத்தார். அதன் பிறகுதான் எழுந்தார். அந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இதே குகேஷுக்கு நீண்ட ஆட்டத்தில் இருக்கும் தரப்புள்ளி அதிவேக ஆட்டத்தில் இல்லை. உலகச் சேம்பியனுக்கும் ஒரு பலவீனம் உண்டு, செல்வங்களே.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. டிங் லிரென் போன்றவர்கள் சீனாவில் தோன்றியதற்குப் பின்னால் நம் நாட்டுக்காரர் ஒருவரின் கை உண்டு. டான் சின் நாம் என்ற தொழிலதிபர், 1970-களிலேயே சீனாவில் சதுரங்கத்தை வளர்க்கத் திட்டம் போட்டுப் பணமும் கொடுத்தவர். பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் மிட் வேலியைக் கட்டிய நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். நாம் அங்கே தீபாவளிக்குச் சட்டை வாங்கப் போகிறோம், இதை யார் நினைக்கிறோம்?

சரி, வீட்டில் என்ன செய்வது? பணம் கட்டிப் பயிற்றுநர் வைக்க எல்லாராலும் முடியாது. வேண்டியதும் இல்லை. தால் கழகத்து வரிசையை உங்கள் வீட்டில் நீங்களே போட்டு வையுங்கள். பிள்ளை ஓர் ஆட்டம் தோற்றால் தொலைபேசியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, "எந்த இடத்தில் கெட்டது?" என்று ஒரே வரி, தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். "குதிரை வருவதைப் பார்க்கவில்லை" என்று எழுதினாலும் போதும். எழுதிய பிறகு வேண்டுமானால் கணினியைக் கேட்கட்டும். லிச்செஸில் அதுவும் இலவசம். கணினி சொல்வதும் தான் எழுதியதும் ஒன்றா என்று பார்க்கட்டும். பிறகு அடுத்த ஆட்டம். ஒரு வாரத்தில் நோட்டைப் புரட்டினால் ஒரே வரி நாலு இடத்தில் இருக்கும். அதுதான் அந்தப் பிள்ளையின் பலவீனம். அதைக் கண்டுபிடிக்க நான் தேவையில்லை.

உங்களுக்குச் சதுரங்கம் தெரியாது என்று தயங்காதீர்கள். நோட்டில் எழுதியிருக்கிறானா என்று பார்க்கச் சதுரங்கம் தெரிய வேண்டுமா? பிரக்ஞானந்தாவின் அக்காள் வைஷாலியைப் பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்ததே தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்கத்தான். அக்காளைப் பார்த்துத் தம்பி வந்தான். 2023-இல் வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர் ஆக, உலகில் அப்படி அக்காள் தம்பி இருவரும் அந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. அவர்கள் தாய் நாகலட்சுமி அம்மாள் வெளிநாட்டுப் போட்டிக்குப் போனாலும் சோறாக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் ரசம் சோறு போட்டவர். அந்த அம்மாள் நகர்த்தலா சொல்லிக் கொடுத்தார்?

3 நிமிட ஆட்டத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் ஒளிந்து ஆடுவார்கள். நாளைக்கு இரண்டு, வேண்டுமானால் மூன்று. மற்றதெல்லாம் 15 நிமிட ஆட்டமாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளாவது உண்மையான பலகையில், எதிரே ஓர் ஆளை வைத்து, தொட்டால் நகர்த்த வேண்டும் என்ற விதியோடு ஆட வேண்டும். ராஜாவும் யானையும் வைத்துத் தனி ராஜாவைப் பிடிப்பதை அப்பாவோடு பத்துத் தடவை ஆடிப் பழகலாம், அப்பா ஓடிக்கொண்டே இருந்தால் போதும்! இரவு பத்து மணிக்குமேல் ஆட்டம் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் இழந்த புள்ளியைப் பிடிக்கப் போய் இன்னும் இழப்பது, சீட்டாட்டத்தில் நாம் பார்க்காததா?

வீட்டில் ஒரே தொலைபேசி, அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்று வருத்தப்படும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளையின் நிலையும் அதுதான். அவளுக்கு நாளைக்கு அரை மணி நேரம், ஒரே ஓர் ஆட்டம். தோற்றால் மறுநாள் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் அந்தத் தோல்வியை நினைத்துக்கொண்டே இருப்பாள். அவள் சேம்பியன் ஆகிவிடவில்லை. மாவட்டத்தில் ஆறாவதாக வந்தாள். நாற்பது ஆட்டம் ஆடுகிறவர்களில் பலர் அவளுக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

நேரமாகிவிட்டது, தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்று சதுரங்கத்திற்குப் பரிசு பெறும் ஒன்பது பிள்ளைகளுக்கும் கோப்பையோடு நான் கொண்டு வந்த ஒரு நோட்டுப் புத்தகமும் கிடைக்கும். முதல் பக்கத்தில் நான் போன வாரம் தோற்ற ஆட்டத்தை முழுதாக எழுதி வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் கெட்டது என்று மட்டும் எழுதவில்லை. கணினியைக் கேட்காமல் கண்டுபிடித்தவர்கள் வருகிற சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். கிள்ளானிலிருந்து வர கொமுட்டர் இருக்கிறது. ரயிலில் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.